பித்தப்பை எடுத்த மூன்றாம் நாள்

என் கணவருக்கு வலி வந்தால் அது வீட்டோடு நிற்காது. பல் பிடுங்கப் போன இடத்தில் அவர் போட்ட கூச்சலைக் கேட்டு, வெளியே பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேர் மெல்ல எழுந்து போய்விட்டார்கள். காலில் முள் தைத்தால், அதை எடுப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியருகே வந்து நிற்பார்கள். பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் போகும் அரசு பஸ்ஸில் அவர் கண்டக்டர். பின்வாசலில் நின்று கொடுக்கிற குரல் முன்வாசல் படியில் தொங்குகிறவனுக்கும் கேட்கும். அந்தக் குரலை வீட்டில் கொஞ்சம் குறைத்து வைக்க அவருக்குத் தெரியாது.

ஆகவே வயிற்றுவலியை ஒரு வருடம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாண வீட்டில் இறைச்சி தின்றுவிட்டு வந்தால் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு பாயில் உருளுவார். "ஏட்டீ, நான் செத்தேன்" என்பார். சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுப்பேன். விடிந்தால் ஒன்றும் நடக்காதது போல் பையை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போவார். பிறகு ஒருநாள் பாலராமபுரத்தைத் தாண்டும்போது பஸ்ஸுக்குள்ளேயே சுருண்டு விழுந்தார். அவரோடு டியூட்டி பார்க்கும் டிரைவர், பயணிகளை இறக்கிவிடக்கூட நிற்காமல், பஸ்ஸை ஒரு ஆசுபத்திரி வாசலில் கொண்டு நிறுத்திவிட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை நிறையக் கல்.

"கல்லா? எனக்க வயித்துலயா?" என்று அவர் எல்லோரிடமும் கேட்டார், அவர்கள்தான் கொண்டுபோய்ப் போட்டது போல.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வயிற்றை நீளமாகக் கிழிக்காமல், நாலு சின்னத் துளை போட்டுப் பித்தப்பையை எடுக்கும் முறை எங்கள் பக்கத்துக்கு அப்போதுதான் வந்திருந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு ஆசுபத்திரியில், வெளியூரில் படித்துத் திரும்பிய பெண் டாக்டர் ஒருவர் அதைச் செய்தார். காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்றார். ஆனால் இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருந்தார். கூட ஒரு பொறுப்பான ஆள் இருக்க வேண்டும். தங்குகிற வீட்டில் டெலிபோன் இருக்க வேண்டும்.

தனுவச்சபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் போன் இல்லை. குன்னத்துகாலில் அவருடைய அக்கா வீட்டில் இருந்தது. அக்காவின் கணவர் வளைகுடாவில் இருந்ததால் போன் அவர்களுக்குச் சோறு தண்ணீர் மாதிரி. நான் அந்த அக்காவை மைனி என்று கூப்பிடுவேன். நல்ல மனசு, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய அதிகாரம். எங்கள் மகளை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஒரு வாரத்துக்கு மைனி வீட்டில் தங்குவது என்று முடிவானது.

ஆப்பரேஷனுக்கு முன்னால் டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்து வலியைப் பற்றி மட்டும் நெடுநேரம் பேசினார். துளை போட்ட இடங்களில் மரத்துப்போகிற ஊசி போட்டிருப்போம், சாயங்காலம்வரை தாங்கும், அதனால் வீட்டுக்குப் போகும்போது ஆள் தெம்பாகத் தெரிவார், ஏமாந்துவிடாதீர்கள் என்றார். மாத்திரையை வலி வந்த பிறகு கொடுக்கக்கூடாது, மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். அப்படியும் தாங்கவில்லையென்றால் கொடுக்க வேறு ஒரு மாத்திரை. வயிற்றை உப்பவைக்க உள்ளே வாயு செலுத்துவதால் தோளில் வலி வரலாம், அது தானாகப் போகும்.

"முதல் நாளைவிட மறுநாள் வலி குறையணும், அதைவிட அடுத்த நாள் குறையணும். மாத்திரை கொடுத்தும் வலி கூடிக்கிட்டே போனா எனக்குப் போன் பண்ணுங்க. எந்த நேரமானாலும்" என்றார்.

"அவரு சும்மாவே ரொம்பச் சத்தம் போடுவாரு டாக்டர்" என்றேன்.

டாக்டர் சிரித்தார். "சத்தம் போடட்டும். நமக்கு அது உபகாரம்தான்."

ஆப்பரேஷன் நல்லபடி நடந்தது. சாயங்காலம் டாக்ஸியில் கூட்டிவந்தோம். ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பள்ளம் வரும் முன்பே கத்தினார். டிரைவர் பள்ளத்தைப் பார்த்து ஓட்டினாரா இவர் குரலைக் கேட்டு ஓட்டினாரா தெரியாது. மைனி வீட்டில் இறங்கியதும் டாக்டர் சொன்னது போலவே ஆள் தெம்பாக இருந்தார். கஞ்சி குடித்தார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சட்டையைத் தூக்கி நாலு பிளாஸ்திரியையும் காட்டினார்.

"இவ்வளவுதானா? இதுக்கா இத்தன பவுசு?" என்றார் மைனி.

இருட்டத் தொடங்கியபோது மரப்பு விட்டது. "அக்கா! ஏட்டீ! ஆராவது வாருங்க!" என்று தொடங்கினார். நான் ஏற்கெனவே மாத்திரை கொடுத்திருந்தேன். மைனிக்கு அது பிடிக்கவில்லை.

"வலிக்கதுக்கு முன்னாலயே மாத்திரையா? இத்தனையும் தின்னா குடலு வெந்து போவும் கேட்டியா."

"டாக்டர் சொன்னதாக்கும் மைனி."

"டாக்டரு சொல்லுவாங்க. குடலு எனக்க தம்பிக்க குடலாக்கும்."

ஆனால் தம்பி மாத்திரை பக்கம்தான் நின்றார். ராத்திரி முனகிக்கொண்டே தூங்கினார்.

மறுநாள் காலையில், பல் தேய்க்க உட்காரவைத்தபோது, வலது தோளைப் பிடித்துக்கொண்டு அலறினார். முதல் நாள் அலறல்களை இது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

"எனக்க தோளு! அக்கா, எனக்கு அட்டாக்காக்கும்! போச்சு, எல்லாம் போச்சு!"

மைனி தலையில் கைவைத்து அழத் தொடங்கினார். ரோட்டில் போனவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். ஒருவர் நெஞ்சைத் தேய்த்துவிட வேண்டும் என்றார். இன்னொருவர் காரக்கோணத்து ஆசுபத்திரிக்கு ஜீப் கொண்டுவரவா என்று கேட்டார். தோள்வலி வரும் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தாலும், அது இப்படி வரும் என்று நினைக்கவில்லை. போன் செய்தேன். டாக்டர் பதறவில்லை. படுக்கவைத்தால் குறைகிறதா என்று கேட்டார். படுக்கவைத்தோம். குறைந்தது. மூச்சு வாங்குகிறதா, வேர்க்கிறதா என்று கேட்டார். இல்லை. "அது வாயுதான். தோளுக்கு இளஞ்சூடா ஒத்தடம் கொடுங்க, மாத்திரையை விடாம கொடுங்க. நாளைக்குள்ள அடங்கும்" என்றார்.

ஒத்தடம் கொடுத்ததும் சத்தம் தணிந்தது. வந்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். மைனிக்கு அழுத கண்ணோடு கோபம் வந்துவிட்டது.

"வாயுக்காக்கும் இந்தக் கூப்பாடு! சின்னப் பிராயத்துலயே இவன் இப்பிடித்தான். தடுப்பூசி போட வந்தா பத்து வீட்டுக்குக் கேக்கும். இனி இவன் என்ன சொன்னாலும் நான் நம்பமாட்டேன்."

மத்தியானம் டிரைவர் பார்க்க வந்தார். அவர் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "எலே மக்கா, நீ இல்லாம பஸ்ஸு ஊமையாட்டு ஓடுது" என்று அவர் சொன்னதும் என் கணவர் சிரித்து, சிரித்ததால் வயிறு இழுத்து, அதற்கும் கத்தினார். டிரைவர் போகும்போது, அடுத்த நாள் பந்த் என்று நினைவுபடுத்தினார். பஸ் எதுவும் ஓடாது. ஒரு கட்சி கூப்பிட்டது, எதற்கென்று இப்போது மறந்துவிட்டது. அந்த வருடங்களில் மாதம் ஒரு பந்த் வரும்.

அன்று சாயங்காலம் கஞ்சியைத் தொடவில்லை. வயிறு நிறைந்தது போல் இருக்கிறது என்றார். ஆப்பரேஷன் செய்த வயிறு, அப்படித்தான் இருக்கும் என்று மைனி சொன்னதை நானும் ஏற்றுக்கொண்டேன்.

பந்த் அன்று விடியும்போது குன்னத்துகால் முக்கில் ஒரு சத்தமும் இல்லை. பால்காரன் சைக்கிள் மட்டும் போனது. நான் எழுந்து பார்த்தபோது அவர் முழித்திருந்தார். மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார். இரண்டு முட்டியும் மடங்கியிருந்தன.

"வலி எப்பிடி உண்டு?"

"கொழப்பம் இல்ல" என்றார். உதடு மட்டும் அசைந்தது.

மாத்திரையை நீட்டினேன். தலையைக் கொஞ்சமாகத் தூக்கி விழுங்கினார். இது ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது, தண்ணீர் ஏன் ஆறிப்போயிருக்கிறது என்று முந்தின நாளெல்லாம் கேட்டவர் ஒன்றும் கேட்கவில்லை.

மைனி கதவருகே வந்து பார்த்துவிட்டு, "அடங்கிட்டான் பாத்தியா. ரெண்டு நாள் கூத்து போதும்னு அவனுக்கே தோணியிருக்கும்" என்று சொல்லி நிம்மதியாக அடுக்களைக்குப் போனார். புட்டு அவிக்கிற வாசனை வந்தது. வானொலியைக்கூட வைத்தார். இரண்டு நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்டது.

நான் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. டாக்டர் சொன்ன கணக்குப்படி மூன்றாம் நாள் வலி குறைய வேண்டும், குறைந்திருக்கிறது. பிறகு ஒரு ஈ வந்து அவர் நெற்றியில் உட்கார்ந்தது. புருவத்தைத் தாண்டி மூக்குவரை நடந்தது. அவர் அதை விரட்டவில்லை. கையைத் தூக்கவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. நான் விரட்டினேன். அப்போது கவனித்தேன், மூச்சு மேல்நெஞ்சில் மட்டும் ஓடியது, சின்னச் சின்னதாக. வயிறு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"இஞ்ச பாருங்க. என்ன செய்யுது?"

கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார். பதில் இல்லை.

மைனி புட்டும் பழமும் கொண்டுவந்தார். வைக்க இடம் தேடித் திரும்பியபோது அவர் தொடை கட்டில் சட்டத்தில் இடித்தது. லேசான இடிதான். என் கணவரின் முகம் முழுதும் ஒரு நொடி இறுகி, கண்ணோரம் ஈரமாகி, நெற்றியில் வேர்வை முத்து முத்தாக வந்தது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

நான் எழுந்து போன் இருந்த அறைக்குப் போனேன். மைனி பின்னாலேயே வந்தார்.

"ஆருக்கு?"

"டாக்டருக்கு."

"நேத்தும் பண்ணினே. என்ன ஆச்சு? வாயுன்னாங்க. இன்னைக்கும் கூப்பிட்டா நம்மளப் பைத்தியக்காரின்னு நெனைப்பாங்க. அவனே கொழப்பம் இல்லன்னு சொல்லுகான், நீ ஏன் வெப்ராளப்படுகே?"

"மைனி, நேத்து அவரு கூப்பாடு போட்டாரு. இன்னைக்குப் போடல்ல. அதாக்கும் எனக்குப் பயம்."

"சத்தம் போட்டாலும் குத்தம், போடல்லன்னாலும் குத்தமா?" என்றார் மைனி. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இருந்தும் நம்பரைச் சுழற்றினேன்.

டாக்டர் ஆசுபத்திரியில் இல்லை. பந்த் ஆனதால் வீட்டிலிருந்து இன்னும் வந்துசேரவில்லை என்றார் சிஸ்டர். நம்பரை வாங்கிக்கொண்டு, கூப்பிடச் சொல்கிறேன் என்றார். நான் போனருகிலேயே நின்றேன். மைனி கதவு நிலையில் சாய்ந்து நின்றார். அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. திறந்த கதவு வழியாகக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. டாக்டர்தான். நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். ஈயைப் பற்றியும் சொன்னேன். இதையெல்லாம் போனில் சொல்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"காய்ச்சல் இருக்கா?"

"தொட்டா சூடு தெரியல்ல டாக்டர். மாத்திரை குடுத்தேன்."

"மாத்திரை காய்ச்சலை மறைக்கும். வயிறு?"

"உப்பலா உண்டு. நேத்து சாயங்காலத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடல்ல."

"போன் கட்டில்கிட்ட எட்டுமா?"

"எட்டாது. அடுத்த ரூம்."

"சரி. நீங்க போய் அவரை ஒரு தடவை இருமச் சொல்லுங்க. பார்த்துட்டு வந்து சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

ரிசீவரை மைனி கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். "ஒரு தடவ இருமுங்க, டாக்டர் கேக்காங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். கெஞ்சினேன். மூச்சை இழுக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். ஒரு கை மெத்தை விரிப்பைக் கசக்கிப் பிடித்தது.

திரும்பி ஓடிவந்தேன். "இரும மாட்டேங்காரு டாக்டர்."

"மாட்டேன்கிறாரா, முடியலையா?"

"முடியல்ல" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லும்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

டாக்டரின் குரல் மாறவில்லை, ஆனால் வேகமாகப் பேசினார். "வாய் வழியா இனி ஒண்ணும் கொடுக்காதீங்க, தண்ணிகூட வேண்டாம். உடனே கூட்டிட்டு வாங்க. உள்ளே பித்தநீர் கசியுதோன்னு எனக்குச் சந்தேகம். பந்த்னு தெரியும். எப்படியாவது வாங்க. நான் ஆசுபத்திரிக்குக் கிளம்பறேன்."

நான் போனை வைத்துத் திரும்பும்போது மைனி அங்கே இல்லை. வாசல் கேட் திறந்து கிடந்தது. வெற்றுக் காலோடு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மைனி டிரைவர் வீட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். மாடிப்படி ஏறினாலே இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குகிறவர். நான் அன்றுவரை அவர் ஓடிப் பார்த்ததில்லை.

டிரைவர் ஒரு ரப்பர் வியாபாரியின் ஜீப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். ரப்பர் ஷீட் நாற்றம் அடித்தது. பின்னால் மெத்தையை விரித்தோம். விரிப்போடு நாலு பேர் தூக்கினோம். முன்கண்ணாடியில் ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டினார் டிரைவர். மைனிக்கு ஏற இடமில்லை. மெத்தையும் நானும் போக மிச்சம் இல்லை. மைனி வாசலில் நின்றார். நெஞ்சு இன்னும் மேலும் கீழும் வாங்கிக்கொண்டிருந்தது.

முக்கில் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். "தங்கச்சி, காரக்கோணம் பக்கமாக்கும். அங்க காட்டிட்டுப் போவுமா? திருவனந்தபுரம்னா வழியில நூறு பேரு மறிப்பான்."

பக்கத்தில் ஆசுபத்திரி இருக்கும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படியே கொண்டுபோவது சரியா? வழியில் மறித்து நிறுத்திவிட்டால்? ஆனால் உள்ளே என்ன செய்திருக்கிறது என்று தெரிந்த டாக்டர் அங்கே காத்திருக்கிறார். "நேரே போவோம் அண்ணா" என்றேன். சொன்ன பிறகும் அது சரிதானா என்று தெரியவில்லை. உதியன்குளங்கரை வரை அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

டிரைவர் முட்டை ஏற்றியது போல் ஓட்டினார். இருந்தும் பள்ளத்தில் ஜீப் இறங்கியது. டாக்ஸியில் வந்தபோது பள்ளத்துக்கு முன்பே கத்திய மனிதர் இப்போது என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அவ்வளவுதான். "இப்பம் தீந்துரும், இப்பம் ஆசுபத்திரிக்கு எத்திருவோம்" என்று நான்தான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு பேச வரும் என்று எனக்கே தெரியாது.

அமரவிளைப் பாலத்துக்கு முன்னால் ரோட்டில் தென்னந்தடியைப் போட்டு மறித்திருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர். கொடி பிடித்த ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். டிரைவர் இறங்கி, "ஆசுபத்திரி கேஸாணு" என்றார்.

"எல்லாருக்கும் இன்னைக்கு ஆசுபத்திரி கேஸ்தான்" என்று ஒருவன் மலையாளத்தில் சொன்னான். சிலர் சிரித்தார்கள். காலையிலேயே ஒரு கல்யாண கோஷ்டி அப்படிச் சொல்லிக் கடந்து போயிருக்கிறது என்று பிறகு தெரிந்தது.

கொடிக்காரர் பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். முதலில் என்னை, பிறகு மெத்தையை. அவர் முகம் மாறியது.

"இது நம்மள கண்டக்டரில்லே?" என்றார். "சேட்டா, எந்து பற்றி?" என்று, என்ன ஆயிற்றென மலையாளத்தில் கேட்டார்.

என் கணவர் கண்ணைத் திறந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த பஸ்ஸில் ஒரு தடவையாவது ஏறி, சில்லறைக்காக அவரிடம் வசவு வாங்காத ஆள் அந்த வட்டாரத்தில் குறைவு. கொடிக்காரர் இன்னும் ஒரு கணம் அவர் பதில் சொல்வார் என்று காத்திருந்தார். பிறகு திரும்பி, தடியை எடுக்கச் சொல்லிக் கத்தினார். பைக் வைத்திருந்த ஒருவனிடம் கொடியைக் கொடுத்து, "நெய்யாற்றின்கரை கடக்கும்வரை முன்னால போ" என்றார். அந்தப் பைக் எங்களுக்கு முன்னால் ஓடியது. வழியில் இரண்டு இடத்தில் மறித்திருந்தவர்கள், கொடியைப் பார்த்து விலகினார்கள். பாலராமபுரத்துக்கு அப்பால் ரோடு காலியாக இருந்தது. அவ்வளவு காலியான ரோட்டில் ஜீப் அவ்வளவு மெதுவாகப் போனது என்னைப் பைத்தியமாக்கியது. வேகமாகப் போகச் சொல்லவும் முடியாது.

ஆசுபத்திரி வாசலில் டாக்டரே நின்றார். வயிற்றில் கைவைத்தார், வைத்த மாத்திரத்தில் எடுத்துவிட்டார். ஸ்கேனில் உள்ளே நீர் தேங்கியிருப்பது தெரிந்தது. என்னிடம் மறைக்கவில்லை. பித்தக்குழாயின் மிச்சத்தை அடைத்துப் போட்டிருந்த கிளிப் நழுவியிருக்கும் என்று நினைக்கிறேன், எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிலருக்கு இப்படி ஆகிவிடும், மறுபடி உள்ளே பார்த்து அடைத்து, கழுவி, ஒரு டியூப் வைக்க வேண்டும் என்றார். "உயிருக்கு?" என்று கேட்டேன். "நேரத்தோட வந்திருக்கீங்க" என்றார். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் நின்றேன். டிரைவர் எதிர்ச்சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பந்த் ஆனதால் வெளியே டீக்கடைகூட இல்லை. ஒரு சிஸ்டர் இரண்டு டம்ளர், பால் இல்லாத கட்டன் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். என்னுடையது ஆறிப்போகும்வரை பிடித்துக்கொண்டே இருந்தேன்.

இந்த முறை அவரை வீட்டுக்கு அனுப்பும் பேச்சே இல்லை. விலாவில் டியூப், மூக்கில் டியூப், கையில் டிரிப். வலிக்கு ஊசி போட்டார்கள், அதுவும் மணி பார்த்துத்தான். மறுநாள் காலையில் கண் விழித்தார். சிஸ்டர் குனிந்து, வலி இல்லாவிட்டால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து, உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டார்.

"பன்னெண்டு" என்றார்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். சிரிக்கத்தான் போனேன். ஆனால் சிரிப்பு வரவில்லை, அழுகையும் ஒழுங்காக வரவில்லை. அங்கே கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேலேயே உட்கார்ந்தேன்.

பல நாள் கழித்து, டியூபை எடுத்த பிறகு, அன்று காலையில் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் யோசித்துப் பதில் சொன்னார். "சத்தம் போடணும்னா வயிறு அசையணும்லா. அசைஞ்சா உள்ள தீய அள்ளி வச்ச மாதிரி. அசையாம கெடந்தா கொஞ்சம் தாங்கலாம்னு இருந்துது. உன்னக் கூப்பிடணும்னுதான் பாத்துட்டே கெடந்தேன். நீ ஸ்டூலப் போட்டு இருந்தியா, அது போதும்னு தோணிச்சு."

பந்த் முடிந்த மறுநாள் காலையிலேயே, முதல் பஸ் ஓடத் தொடங்கியதும் மைனி வந்துசேர்ந்திருந்தார். ஒரு பிளாஸ்க், ஒரு பை நிறைய ஆரஞ்சு. தம்பிக்கு எதுவும் வாயில் வைக்கக்கூடாது என்று சொன்னதும் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கட்டிலில் இடிக்காமல் சேலையை ஒதுக்கி ஒதுக்கி உட்கார்ந்ததைப் பார்த்தேன். ஓடிய ஓட்டத்தில் அவர் உள்ளங்காலில் எதுவோ கிழித்திருந்தது. துணி சுற்றியிருந்தார்.

சிஸ்டர் வந்ததும் எங்களை வெளியே போகச் சொன்னார். நாங்கள் காண்டீனுக்குப் போனோம். முந்தின நாள் காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை என்பது தோசை வாசனை வந்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

மைனி தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "நான் உன்னப் போன் பண்ண விடாம நின்னுருந்தா..." என்றார்.

"நீங்க ஓடல்லன்னா ஜீப்பு வந்திருக்காது மைனி."

"அதில்ல பிள்ளே. அவன் எனக்க கையில வளந்தவனாக்கும். எனக்குத் தெரியில்லியே, உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

ஈயைப் பற்றி அவரிடமும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு என் தட்டில் சட்னியை ஊற்றச் சொல்லி, சப்ளையரைக் கூப்பிட்டார். பழைய அதிகாரத்தோடுதான் கூப்பிட்டார். நான் மூன்று தோசை சாப்பிட்டேன்.

அவரை வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. இந்தத் தடவை தனுவச்சபுரத்துக்கே போனோம். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு வீட்டில் போன் இருந்தது. அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். டாக்டர் கொடுத்த மாத்திரைகளை மணி பார்த்துக் கொடுத்தேன். வலி ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் குறைந்தது. அவருடைய புகார்கள் மட்டும் குறையவில்லை. அடுத்த மாதமே டியூட்டிக்குப் போக வேண்டும் என்று குதித்தார். டாக்டர் விடவில்லை. மேலும் ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் பையை மாட்டினார்.

எனக்குச் சரியாக இன்னும் அதிக நாள் ஆனது. அவர் பேப்பர் வாசித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால், அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு வந்து கதவருகே நிற்பேன்.

"என்ன செய்யுது?"

"ஏட்டீ, மனுஷன ஒரு பேப்பரு வாசிக்க விடமாட்டியா?" என்று கத்துவார். சரி என்று நான் திரும்பி அடுக்களைக்குப் போவேன்.